ரிபன் கட்டின படகு

அந்த ஜன்னல் திறவாது தம்பி. வீணா இழுக்காதேங்கோ, கை காயப்படும். இந்த பஸ்ஸில ஏறுற நேரமெல்லாம் நானும் இழுத்துப் பாத்திட்டன். திறந்தால் ஒருக்கா வெளியில எண்டாலும் துப்பலாம். உந்த றோட்டைப் பாத்தால் வேற என்ன செய்யிறது? போன எலெக்சனுக்கு முதல்தான் தார் ஊத்தினவங்கள். மழை பெய்யக்கூட இல்லை, மாடு நடந்தே கழண்டு போச்சு. லொறி இல்லைத் தம்பி, மாடு.

இந்தப் பையை மட்டும் கொஞ்சம் மடியில வைச்சிருங்கோ. நிலத்தில வைக்கக்கூடாத சாமான். கசக்காமல் பிடியுங்கோ. அப்பிடித்தான், காணும்.

நீங்கள் எந்தப் பக்கம்? கொழும்போ? அப்ப கண்டல்தீவைக் கேள்விப்பட்டிருக்க மாட்டியள். பஸ் ஏறின துறையடியில நிண்டு பாக்கேக்க கடலுக்க கறுப்பா ஒரு கோடு தெரிஞ்சதெல்லே, அதுதான் எங்கட ஊர். நாடே ஒரு சின்னத் தீவு. அந்தத் தீவுக்குப் பக்கத்தில கிடக்கிற துண்டு நாங்கள். கொழும்பில இருக்கிற உங்களுக்கே கரண்டும் இல்லை, எண்ணெயும் இல்லை, எல்லாத்தையும் திண்டு முடிச்சிட்டாங்கள். பிறகு எங்களுக்கு என்னத்தை மிச்சம் விட்டிருப்பாங்கள் எண்டு யோசியுங்கோவன்.

நான் தில்லையம்பலம். கண்டல்தீவுக் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர். கனகாலமா நான்தான் தலைவர். ஒவ்வொரு வருசமும் கூட்டம் வைப்பன், ஒருத்தரும் எதிர்த்து நிக்கிறேல்லை. நிக்க வந்த ஒண்டிரண்டு பேருக்கும் நான் எடுத்துச் சொல்லி விளங்கப்படுத்திப்போட்டன். உவங்கள் மந்திரிமாரைப் போல கதிரையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டிருக்கிற ஆள் நான் இல்லை. ஊருக்கு ஆள் வேணும், அதால இருக்கிறன். அதுக்கு முதல் சங்கக்கடை மனேச்சரா இருந்தனான். சீனி, மா, மண்ணெண்ணெய் ஒண்டும் களவா வெளியில போனதில்லை. சொந்தக்காரருக்குக் கொஞ்சம் எடுத்து வைப்பன், அது வேற. அது களவில்லை.

எனக்கு இந்த அரசாங்கம் எண்ட சொல்லைக் கேட்டாலே அருவருப்பாக் கிடக்கு தம்பி. பழஞ்சோத்தில பூஞ்சணம் பிடிச்சிருக்கிறதைக் கண்டால் கோப்பையோட தூக்கி எறிவமெல்லே, அப்பிடி. நீங்கள் பெடியள், உங்களுக்கு ஒருவேளை நம்பிக்கை இருக்கும். என்னட்டை இருந்ததை அந்தப் படகோட துடைச்சு எடுத்திட்டாங்கள்.

என்ன படகோ? சொல்லுறன், கேளுங்கோ. இன்னும் தூரம் கிடக்கு, இந்த பஸ் போற வேகத்துக்கு இராமாயணமே சொல்லி முடிக்கலாம்.

எங்கட ஊரில ஆஸ்பத்திரி எண்டு ஒரு கட்டடம் இருக்கு. டொக்டர் வாறதில்லை. ஒரு மிட்வைஃப் மட்டும் இருக்கிறா, பாவம், நல்ல பிள்ளை. வருத்தம் எண்டால் கடல் தாண்டித்தான் வரவேணும். சோழகக் காத்துத் தொடங்கினால் கடல் மனிசரைச் சும்மா போகவிடாது. சேர்விஸ் படகு ஓடினால் ஓடும், இல்லாட்டில் இல்லை. வருத்தக்காரரை மீன்வள்ளத்தில, வலைக்கு மேல படுக்க வைச்சுக் கொண்டுபோறதுதான் எங்கட வழக்கம். எத்தினை வருசமா நான் கச்சேரிக்கு, அதுதான் மாவட்டத்து அரசாங்கக் கந்தோருக்கு, நடந்தன் தெரியுமே? வருத்தக்காரருக்கெண்டு ஒரு படகு தாங்கோ, ஒரே ஒரு படகு. வாற போற மந்திரியளுக்கெல்லாம் மாலை போட்டு, பொன்னாடை போத்து, கையைக் காலைப் பிடிச்சுக் கேட்டன். ஓம் ஓம் எண்டுவாங்கள். நாங்கள் குடுக்கிற நண்டுக் கறியை வழிச்சுத் திண்டிட்டுப் போவாங்கள்.

கடைசியா ஒருவழியா வந்தது. வெள்ளைப் படகு. பக்கத்தில சிவப்புச் சிலுவை. உள்ளுக்குக் கட்டில், ஒக்சிசன் போத்தல், மேல கூரை. துறையடியில கொண்டுவந்து விட்ட அண்டைக்கு ஊர்ச்சனம் முழுக்கக் கூடி நிண்டு பாத்தது. பிறகுதான் கதை வெளியில வந்தது. அமைச்சற்ற மச்சான்ர கொம்பனியில செய்வித்ததாம். பேப்பரில ரெண்டு எஞ்சின், படகில ஒண்டு. மற்ற எஞ்சின் ஆற்ற வயித்துக்க ஓடுதோ தெரியாது. சீ. வருத்தக்காரன்ர படகிலயும் கை வைப்பாங்களோ? வைப்பாங்கள். பாடையில கிடக்கிறவன்ர வாய்க்கரிசியையும் அள்ளுவாங்கள்.

எண்டாலும் ஒரு எஞ்சினோட படகு நல்லா ஓடும். எங்கட சவிரிமுத்து மீன்பிடிகாரன், எஞ்சின் வேலை தெரிஞ்சவன், அவன்தான் ஓட்டி எண்டு சங்கத்தில தீர்மானிச்சம். அவன் ஸ்டார்ட் பண்ணிப் பாத்திட்டு, ஐயா, பஞ்சு மாதிரி ஓடுது எண்டான்.

படகைக் கொண்டுவந்தவங்கள் திறப்பை, எஞ்சின் சாவியை, என்ர கையில தந்தாங்கள். அமைச்சர் வந்து முறையாக் கையளிப்பார், அதுவரைக்கும் சங்கம் பொறுப்பு எண்டாங்கள். நான் அந்தத் திறப்பை அரைநாண் கயித்தில கட்டினன். குளிக்கேக்கயும் கழட்டுறேல்லை. படகின்ர முன்பக்கத்தில சிவப்பு ரிபன் ஒண்டை நானே குறுக்கால கட்டி, பூ முடிச்சும் போட்டன். ஒவ்வொரு நாளும் விடியப் போய்த் துடைப்பன். பெடியள் ஏறி விளையாடாமல் காவல். ஒரு கீறல் விழவிடேல்லை. பெத்த பிள்ளையைக்கூட நான் அப்பிடிப் பாத்ததில்லை எண்டு என்ர மனிசி பவளம் சொல்லுவா. பெருமையாத்தான் சொன்னவ எண்டு நினைக்கிறன்.

விழாவுக்கு நாள் குறிச்சாங்கள். வாழை வெட்டிக் கட்டினம், தோரணம், நிறைகுடம், பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு நடனம். பிள்ளையள் வெயிலுக்க வரிசையா நிண்டு மயங்கி விழுந்ததுகள். ஆள் வரேல்லை. பாராளுமன்றத்தில ஏதோ வோட்டாம். பிறகு ஒரு நாள் குறிச்சாங்கள். திரும்பவும் வாழை, திரும்பவும் தோரணம். அண்டைக்கும் வரேல்லை, ஆரோ பெரியவற்ற செத்தவீடாம். மூண்டாம் முறை அவற்ற சாத்திரி சொன்னாராம், அந்தக் கிழமை கடல் கடக்கக்கூடாதெண்டு. எங்கட ஊர் வாழையெல்லாம் முடிஞ்சுது தம்பி. கடைசியில பக்கத்துத் தீவில இருந்து குலை கொண்டுவந்து கட்டினம்.

உதுக்கிடையில ஊர்ச்சனம் அரியண்டம். ஐயா, இழுப்பு வந்திட்டுது, படகைத் தாங்கோ. ஐயா, பாம்பு கடிச்சுப்போட்டுது, படகைத் தாங்கோ. எப்பிடிக் குடுக்கிறது? கையளிக்காத படகு. ரிபனும் வெட்டாமல், நாலு பேர் சத்தி, வாந்தி எடுத்து வைச்ச படகையே அமைச்சருக்குக் காட்டுறது? நான் எல்லாருக்கும் சமாதானம் சொல்லி வள்ளத்தில அனுப்பி வைச்சன். அனேகமாப் பேர் பிழைச்சுத்தான் வந்தவை. சனத்துக்குப் பொறுமை இல்லை. நாடு ஏன் உருப்படேல்லை எண்டு நினைக்கிறியள்? ஒருத்தருக்கும் ஒரு ஒழுங்கு இல்லை.

இனித்தான் சொல்லவந்தது கிடக்கு.

எனக்கு ஒரே ஒரு மகள். சுகந்தினி. ரவுணில கட்டிக் குடுத்தது, மருமகன் வங்கியில வேலை. முதல் பிள்ளைப்பேறுக்கு எங்களட்ட வந்து நிண்டவள். எங்கட முறை அது, தாய்வீட்டில நிக்கிறது, பிறகு நாள் நெருங்க ரவுணுக்குக் கூட்டிக்கொண்டு போறது. மிட்வைஃப் பிள்ளை வந்து, ஐயா, இந்தக் கிழமையே கூட்டிக்கொண்டு போங்கோ, காத்தும் சரியில்லை எண்டு சொன்னவ. பவளமும் பையெல்லாம் அடுக்கிப்போட்டா.

நான்தான் கொஞ்சம் பொறுங்கோ எண்டு மறிச்சன். ஏனெண்டால் அடுத்த வியாழன் அமைச்சர் கட்டாயம் வாறாராம், அவற்ற செயலாளரே போன் எடுத்துச் சொன்னவர். விழா முடிய, அந்தப் புதுப் படகில முதல் ஆளா என்ர மகள் ஏறிப் போனால் எப்பிடி இருக்கும்? அமைச்சர் கையசைக்க, பேப்பர்காரர் படம் எடுக்க. ஊருக்கே ஒரு பேர். அவளுக்கும் சொகுசு, வலைக்கு மேல படுக்கத் தேவையில்லை. நான் பிள்ளையின்ர நன்மைக்குத்தான் யோசிச்சனான். அவள் சின்னனில இருந்தே அப்பா சொன்னால் சரி எண்டு இருக்கிற பிள்ளை.

வியாழனுக்கு முதல், செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்க அவளுக்குப் பிரசவ நோ தொடங்கிட்டுது. மிட்வைஃப் ஓடி வந்து பாத்தா. முகம் மாறிட்டுது அவவுக்கு. பிள்ளை குறுக்கால கிடக்கு, இஞ்ச ஒண்டும் செய்யேலாது, இப்பவே கொண்டுபோகவேணும் எண்டா. லான்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில பாயை விரிச்சு ஏத்திக்கொண்டு துறையடிக்குப் போனம்.

காத்து இரையுது. படகு அங்க கட்டினபடி நிக்குது. ரிபன் படபடக்குது.

சவிரிமுத்து ஓடி வந்து, ஐயா, திறப்பைத் தாங்கோ, அரை மணித்தியாலத்தில அக்கரையில விடுறன் எண்டான். நான் சொன்னன், பொறு, ஒரு வார்த்தை கேட்டிட்டு எடுப்பம். செயலாளருக்குப் போன் போட்டன். நான் படிச்ச மனிசன் தம்பி, அரசாங்கச் சாமானை அனுமதி இல்லாமல் எடுத்திட்டு நாளைக்கு ஆருக்குப் பதில் சொல்லுறது? ரெண்டு நாளில விழா. தலைவற்ற மகளெண்டால் ஒரு ஞாயம், ஊராருக்கு ஒரு ஞாயமோ எண்டு சனம் கேக்காதே? பாம்பு கடிச்சவனையே வள்ளத்தில அனுப்பினனான்.

அந்த மனிசன் போனை எடுத்தார். ஐயா கூட்டத்தில இருக்கிறார், கேட்டிட்டு எடுக்கிறன், லைனில நில்லுங்கோ எண்டார். நிண்டன். போனுக்க ஏதோ பாட்டுப் போகுது. இஞ்ச மகள் கத்துறாள். பாட்டு முடிஞ்சு திரும்பத் தொடங்குது.

பவளம் எனக்கு முன்னால வந்து நிண்டா. கையை மட்டும் நீட்டினா. இப்பிடி, உள்ளங்கை மேல பாக்க. நான் போனைக் காதில வைச்சுக்கொண்டு, பொறு பொறு எண்டு மற்றக் கையால காட்டினன். அவ கையை எடுக்கேல்லை. நீட்டினபடியே நிண்டா. எனக்கு ஆத்திரம் தம்பி, அந்தச் செயலாளரில. மனிசர் சாகக் கிடக்கேக்க பாட்டுப் போடுறான் பாருங்கோ.

எவ்வளவு நேரம் எண்டு நான் பாக்கேல்லை. கடைசியில சவிரிமுத்து துப்பினான், கடலுக்கதான் துப்பினான், போய்த் தன்ர மீன்வள்ளத்தை இழுத்தான். நாலு பேராத் தூக்கி ஏத்தினாங்கள். மிட்வைஃப் ஏறினா, பவளம் ஏறினா. நான் ஏறப்போக இடமில்லை எண்டிட்டாங்கள். இடம் இருந்தது. நான் பாத்தனான்.

பாதிக் கடலில அந்த ஓட்டை எஞ்சின் நிண்டுபோச்சாம். தண்ணி அள்ளி அடிச்சதாம். மிட்வைஃப் தன்ர உடுப்பைக் கழட்டி மகளுக்குப் போத்தினவவாம்.

சுகந்தினி தப்பிட்டாள். பிள்ளை தங்கேல்லை.

ஆம்பிளைப் பிள்ளை தம்பி. நான் அடுத்தநாள் போய்ப் பாத்தனான். துணியால சுத்திக் கையில தந்தாங்கள். நல்ல நிறம். தலை நிறைய மயிர். எங்கட அப்பாவின்ர நெத்தி, அப்பிடியே. எனக்கு நெஞ்சு எரிஞ்சுது. இப்பவும் சொல்லேக்க எரியுது. டொக்டர் சொன்னார், கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் காப்பாத்தியிருக்கலாமெண்டு. கேட்டியளே? கொஞ்சம் முந்தி. அந்தக் கொஞ்சத்தைத் திண்டது ஆர்? அந்தச் செயலாளர். அந்த அமைச்சர். அவற்ற மச்சான். எல்லாக் களவாளியளும் சேர்ந்து என்ர பேரப்பிள்ளையைத் திண்டவங்கள்.

செயலாளர் எப்ப திருப்பி எடுத்தவர் தெரியுமே? பின்னேரம், எல்லாம் முடிஞ்ச பிறகு. என்ன சொன்னார் தெரியுமே? தலைவர், படகை எடுங்கோவன், அதுக்கேன் என்னட்டக் கேக்கிறியள், வந்த நாளில இருந்து நீங்கள் ஓடுறியள் எண்டெல்லோ நாங்கள் நினைச்சுக்கொண்டிருக்கிறம். ரிபன் என்ன ரிபன், வியாழக்கிழமை வேற ஒண்டைக் கட்டலாம். உங்களை ஆர் மறிச்சது?

உங்களை ஆர் மறிச்சது எண்டு என்னையே கேக்கிறான் தம்பி. என்ன திண்ணக்கம் பாருங்கோ. பிழையைத் தங்களில வைச்சுக்கொண்டு அப்பிடியே எங்கட தலையில கொட்டிவிடுறது. உதுதான் இந்த நாட்டின்ர அரசியல். அண்டைக்குத்தான் எனக்கு முழுசா வெறுத்தது.

வியாழனோ? ஓம், அந்த வியாழன் எல்லாக் கிரகமும் சரியா வந்து, அமைச்சர் வந்தவர். நடத்தாமல் விடேலுமே? ஊர் வேலை. வரவேற்புரை நான்தான். மாலையும் நான்தான் போட்டன். சபை மரியாதை எண்டு ஒண்டு கிடக்கு. ஆனா சிரிக்காமல் போட்டன். அவருக்கு அது உறைச்சிருக்கும். ரிபனை வெட்டினார். எல்லாரும் கை தட்டிச்சினம். சவிரிமுத்து ஓட்டமாட்டன் எண்டு வீட்டில கிடந்தான், வேற பெடியன் திறப்பைப் போட்டுத் திருப்பினான். எஞ்சின் ஒரு சத்தம் போடேல்லை. உப்புக்காத்தில சும்மா நிண்டு பற்றறி செத்துப்போச்சு. அமைச்சர் சிரிச்சுக்கொண்டே இறங்கி நண்டுக் கறி சாப்பிடப் போனார். படகில தகடு ஒண்டு அடிச்சாங்கள். அதில அமைச்சற்ற பேர், செயலாளர் பேர், கச்சேரிக்காரர் பேர், எல்லாம் கிடக்கு. சங்கத் தலைவர் பேர் இல்லை. இவ்வளவு நாள் துடைச்சவன் நான், இழப்பும் எனக்கு. ஒரு மூலையில எண்டாலும் போட்டிருக்கலாம். உதைத்தான் சொல்லுறன், நன்றி கெட்ட கூட்டம்.

படகு இப்ப கரையில கிடக்கு. எஞ்சின் துருப்பிடிச்சிட்டுது. மேல வலை காயவிடுறாங்கள்.

பவளம் ஆஸ்பத்திரிக்கு எண்டு போனவ, பிறகு ஊருக்கு வரேல்லை. மகளோட ரவுணில இருக்கிறா. ரெண்டு பேரும் கண்டல்தீவில காலடி வைக்கமாட்டினமாம். எனக்கு விளங்குது. அரசாங்கத்தில அவ்வளவு வெறுப்பு. என்னோடயும் கதைக்கிறேல்லை, அது அந்த வெறுப்பு ஆளைத் தின்னுறது. காலம் போனால் சரிவரும். நான் தனியச் சமைச்சுச் சாப்பிடுறன். கறிக்கு உப்புப் போட்டனோ எண்டு கேக்கக்கூட ஆள் இல்லை.

இப்ப ஆட்சி மாறிட்டுதெல்லே. இவை நேர்மையான ஆக்களாம், களவில்லையாம். எல்லாரும் வரேக்க அப்பிடித்தான். எனக்கு நம்பிக்கை இல்லை. எண்டாலும் புது அமைச்சர் இண்டைக்குக் கச்சேரிக்கு வாறார். படகைத் திருத்தித் தரச்சொல்லிக் கேக்கவேணும். அதுதான் அந்தப் பை. பொன்னாடை. நல்ல பட்டு, கரை பாருங்கோ, சரிகை. மெல்லமா, மெல்லமா, பிரிச்சால் மடிப்புக் கலைஞ்சு போகும். திருத்தித் தந்தால் ஒரு விழாவும் வைக்கலாம் எண்டு சொல்லுவன். அவரே வந்து திரும்பக் கையளிக்கட்டும்.

திறப்போ? இஞ்ச, இடுப்பில. தொட்டுப் பாருங்கோ. உவங்களை நம்பி ஆரட்டக் குடுக்கிறது?

கொண்டக்டர் கூப்பிடுறான், எனக்குத்தான். கோயில் சந்தி. மகளின்ர வீடு இதில இறங்கி உள்ளுக்குப் போகவேணும். இல்லைத் தம்பி, இறங்கேல்லை, விடுங்கோ, போகச் சொல்லுங்கோ. அமைச்சர் நேரத்துக்கு வந்திட்டாரெண்டால் பிறகு பிடிக்கேலாது. வரேக்க பாப்பம்.

இறங்கினாலும் என்ன? போன முறை போனனான், திருக்கை மீனும் கொண்டு. சுகந்தினி உள்ளுக்கு இருந்து வரேல்லை. பவளம் கேற்றடிக்கு வந்தா. வாங்கோ எண்டு சொல்லேல்லை. கேற்றுக்கு மேலால கையை மட்டும் நீட்டினா, அண்டைக்கு மாதிரியே, உள்ளங்கை மேல பாக்க. மீன் பையைக் குடுத்தன். வாங்கேல்லை, பை நிலத்தில விழுந்திட்டுது. கொஞ்சம் காசை எடுத்து வைச்சன், அதையும் விரல் மடக்கேல்லை, காத்தில பறந்திட்டுது. கை அப்பிடியே நிக்குது. என்னத்தையப்பா கேக்கிறாய் எண்டு எத்தினை தரம் கேட்டன் தெரியுமே? வாயைத் திறந்து சொன்னால்தானே தம்பி ஒரு மனிசனுக்கு விளங்கும்.